வலப்பக்கக் கதவு

அத்தியாயம் 6

சாயங்காலம் நாலு மணிக்கு ரேவதி தன் வீட்டை, வாங்க வருகிறவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சப்போவது, அந்தப் பணத்தில் வாங்கும் ஒரே ஒரு பழைய கேரவன்தான், காரில் கோத்து இழுக்கிற சக்கர வீடு. கூரை ஒழுகும், தரை உளுத்திருக்கும், ஒரு டயரில் காற்றில்லாத கேரவன். அதை வாங்கலாமா கூடாதா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியவள், பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, பரண் தட்டிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உயரம் நாலடி பத்தங்குலம். கல்யாணமாகி இந்த ஐந்தாவது மாடிக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டிதான் அவளுக்கு ஏணி.

பால்கனியில் மணி அடித்தது.

பர்மாவில், இந்த யாங்கோனில், கரண்டை நம்பி யாரும் காலிங் பெல் வைப்பதில்லை. பால்கனியில் ஒரு மணி, அதிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு. கீழே நின்று இழுத்தால் மேலே அடிக்கும். பேப்பர்காரன், காய்க்காரி, தபால்காரர் எல்லாருக்கும் அதே கயிறு. இன்றைக்கு மணி ஒரு தடவை அடித்து, இரண்டாம் தடவை பாதியில் நின்றது. ரேவதி எட்டிப் பார்த்தாள்.

கீழே தவ்ஹீத் நின்றிருந்தான். ஆறடி இரண்டங்குலம். அவன் தலையிலும் தோளிலும் நீல நைலான் கயிறு சுற்றிக் கிடந்தது.

"ரேவதிக்கா, உங்க வீட்டுக் கயிறு அறுந்துடுச்சு. பாதி என் கழுத்துல இருக்கு. மாலை போட்டு வரவேத்ததா நெனச்சுக்கறேன். எறங்கி வாங்க."

அவள் இறங்கி வந்தாள். வா என்றால் வருவாள், உட்கார் என்றால் உட்காருவாள், எட்டு மாதமாக அப்படித்தான். புருஷன் பாலசந்தர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டார். அன்றைக்கும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழத்தான் செய்தது. கோபம்கூட வரவில்லை. அவள் அவரிடம் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் உள்ளே கிடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

காரின் முன்சீட்டில் சுல்தான் பீவி உட்கார்ந்திருந்தார். மோதிய வண்டி, வெள்ளத்தில் முங்கிய வண்டி, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட வண்டி என்று இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸுக்காகப் பார்த்துப் பார்த்துப் பொய்யைப் பிரித்தெடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு அதையே துப்பறியும் தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறார். தவ்ஹீத் அவருடைய உதவியாளன், டிரைவர், வாயாடி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் என்பது அவனுடைய நிரந்தரக் குறை. 'கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பீவிக்கா ஒரு பார்வை பாக்கட்டும்' என்று இவர்களைப் பிடித்துவிட்டவள் ரேவதியின் நாத்தனார் அம்சா.

"கயித்த சாயங்காலம் நானே கட்டித் தர்றேன்," என்று தவ்ஹீத் அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தான். "எதுக்குக்கா இவ்வளவு முடிச்சு? இழுக்கறப்பெல்லாம் விரல்ல மாட்டுது. ஆமா, கையில என்ன கொப்புளம்?"

ரேவதி தன் புறங்கையைப் பார்த்தாள். காசளவு கொப்புளம். காலையில் எண்ணெய் தெறித்திருக்க வேண்டும்.

"தெரியல. பாக்கல."

பீவி கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தார்.

ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊர், அங்கே போகும் பாலத்தில் ஒரு லாரி முன்னால் ஊர்ந்தது. தவ்ஹீத் காரின் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஊரே சாலையின் வலப்பக்கமாகப் போகிறது. முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று அவனுக்குத் தெரியாது. இடப்பக்க சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ராத்தா, வருதா?" என்று பீவியைக் கேட்டான்.

"வருது."

"பெரிசா, சின்னதா?"

"பஸ்."

"அப்ப வேணாம். எழுபதாம் வருஷம் ஒரே நாள்ல ஊரையே இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கத்துக்கு மாத்துனாங்களே, ஸ்டீயரிங்கயும் சேத்து மாத்தியிருக்கக் கூடாதா. அன்னைலேர்ந்து இந்த ஊர்ல பொண்டாட்டி இல்லாம எவனும் லாரிய முந்த முடியறதில்ல."

"உனக்குப் பொண்டாட்டி இல்ல. நீ முந்தாத," என்றார் பீவி. பிறகு பின்னால் திரும்பினார். "ரேவதி, இந்த கணேஷ்குமார் உனக்கு எப்படிப் பழக்கம்?"

"எனக்குப் பழக்கமில்லக்கா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கணேஷ்குமார் தன்லியின்ல பழைய வண்டி யார்டு வச்சிருக்கார். சாவு வீட்டுக்கு வந்தார்."

"வந்து?"

"எல்லாரும் கேக்கறதுதான். இவரு ஏதாவது சொல்லிட்டுப் போனாரான்னு கேட்டார். இல்லன்னேன். அப்பறம் ஆளே வரல. மூணு வாரம் முன்னாடி வந்து, கேரவன் ஒண்ணு இருக்கு, ஃபேக்டரி கேட் பக்கம் நிறுத்தி இட்லிக்கடை போடலாம், உங்களுக்குன்னா முதல்ல தர்றேன்னார்."

"இட்லிக்கடை போடணும்னு அவர்கிட்ட நீ சொன்னியா?"

"இல்ல. இவருதான் எப்பவும் சொல்லிட்டிருப்பார். சக்கரம் வச்ச கடை ஒண்ணு போடணும், எட்டு மணி பஸ்ஸுக்கு எறங்கற பொண்ணுங்களுக்கு சுடச்சுடக் குடுக்கணும்னு. அதையே கணேஷ்குமாரும் சொன்னதும், சரி, இவரே அனுப்பி வச்ச மாதிரி இருக்குன்னு நெனச்சேன்."

அவள் குரலில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. யாருடைய வீட்டையோ விற்பதுபோலச் சொன்னாள்.

யார்டு வாசலிலேயே கணேஷ்குமார் காத்திருந்தார். அயர்ன் செய்த லோஞ்ஜிக் கைலி, வாயில் வெற்றிலை, முகம் நிறையப் பணிவு. பேருக்கு முன்னால் கோ, மா, டோ என்று பர்மிய மரியாதை சேர்ப்பது ஊர் வழக்கம்.

"வாங்க மா ரேவதி. வாங்க டோ பீவி. நாலு மணிக்கு வேற பார்ட்டி வருது. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எந்த வண்டிய விக்கறவருக்குத்தான் வேற பார்ட்டி வரல," என்றான் தவ்ஹீத். "அந்தப் பார்ட்டிய நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. ரொம்ப பிஸி போல."

கேரவன் தகரக் கூரைக்கு வெளியே, உச்சி வெயிலில் நின்றிருந்தது. முட்டை வடிவம், மங்கிய பால் வெள்ளை, நடுவில் ஒரு பச்சைக் கோடு. முன்பக்கம் இங்கிலாந்தில் செய்ததென்று ஒரு பித்தளைத் தகடு. ரேவதி அதைப் பார்த்தாள். நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பார்க்க வேண்டும் என்பதற்காகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"கதைய சொல்லுங்க கோ கணேஷ்," என்றார் பீவி.

"பெரிய கதை. அம்பத்தெட்டுல ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் கப்பல்ல கொண்டு வந்தது. அவன் ஊருக்குப் போறப்ப எங்க தாத்தா வாங்கிட்டார். அறுபத்திநாலுல நம்மாளுங்க எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறுனாங்கள்ல, அப்ப ஷெட்டுக்குள்ள வச்சுப் பூட்டினது. போன மாசம்தான் வெளிய இழுத்தேன். யார் கையும் படாத சாமான்."

"ஒரு ஆணிகூட மாத்தல?"

"ஒரு ஆணிகூட."

"கதவு?"

"வெள்ளைக்காரன் வச்ச கதவு."

"உள்ள மேடை, அலமாரி எல்லாம்?"

"எல்லாமே அவன் பொண்டாட்டி பொழங்குனது. நான் தூசிகூடத் தட்டல."

பீவி தலையாட்டினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தவ்ஹீத் ஏற்கெனவே கீழே படுத்து, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அச்சு துரு, தரை புட்டு, கூரையில ஆகாசம் தெரியுது ராத்தா. மழை பேஞ்சா இட்லிக்கு சாம்பார் தனியா ஊத்த வேண்டியதில்ல."

"அதெல்லாம் பழசுன்னா இருக்கறதுதான்," என்றார் கணேஷ்குமார்.

"இருக்கும், இருக்கும்," என்ற பீவி கதவில் கை வைத்தார். "கோ கணேஷ், அறுபத்திநாலுல நம்ம ஊர்ல வண்டி ரோட்டுல எந்தப் பக்கம் போகும்?"

"இடப்..." அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"இடப்பக்கம். இங்கிலாந்துல இன்னைக்கும் இடப்பக்கம்தான். அப்ப கேரவனுக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்கும்? ஓரத்துல நிறுத்தினா நடைபாதைப் பக்கம் எறங்கற மாதிரி, இடப்பக்கம். இந்தக் கதவு வலப்பக்கம் இருக்கு. எழுபதுக்கு அப்பறம் பொறந்த கதவு எப்படி அறுபத்திநாலுலேர்ந்து ஷெட்டுக்குள்ள பூட்டிக் கெடந்துச்சு?"

பக்கத்து ஃபேக்டரியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"வெள்ளைக்காரன் நட்டு நடு ரோட்டுலயே எறங்குவான் போல. தைரியசாலி," என்றான் தவ்ஹீத்.

"சில மாடல் அப்படியும் வரும் டோ பீவி."

பீவி இடப்பக்கச் சுவருக்குப் போய் உள்ளங்கையால் தடவினார். பச்சைக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு நீள்சதுரம் கையில் தட்டுப்பட்டது. பழைய கதவை எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டால் அடைத்து, ரிவெட் அடித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தது. பூச்சு மங்கவிட்டது மாதிரித் தேய்த்தும் வைத்திருந்தார்கள்.

ரேவதிக்கு விஷயம் விளங்கியது. ஏமாற்று வேலை. ஆத்திரம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை.

"சரிக்கா. பொய்னு ஆகிப்போச்சு. வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

"நானும் அதான் சொல்றேன். போற வழியில ஒரு லபெயே டீ குடிச்சுட்டு..." என்று தவ்ஹீத் காரைப் பார்த்துத் திரும்பினான்.

"நில்லுடா." பீவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "பொய்ய பிடிச்சாச்சு. பொய் எதுக்குன்னு பிடிக்கல. நீ ஒரு ஓட்டை வண்டிய விக்கறே. அதுக்குப் புதுசா கதவு போட்டிருக்கே. வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவே?"

"புதுக் கதவுங்க, இப்பதான் போட்டதுங்கன்னு ஏழு தடவ சொல்லுவேன். எட்டாவது தடவ தட்டிக் காட்டுவேன்."

"அதான். வேலை பாத்திருந்தா விலை ஏறும். இந்த மனுஷன் அதை மறைக்கறார், மேல பெயின்ட் அடிச்சு வேற மறைக்கறார். ஏன்? உள்ள வா."

மூவரும் உள்ளே ஏறினார்கள். வெளியே கணேஷ்குமார் படியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பீவி பக்கச் சுவரிலிருந்த பலகையைத் தூக்கித் தள்ளினார். கடை ஜன்னல்போல அது வெளிப்பக்கம் திறந்து, வெயில் நேராக உள்ளே இருந்த அலுமினிய மேடைமேல் விழுந்தது. மேடைக்கு மேல் ஒரு தட்டு. அதற்கும் மேல், கரண்டி மாட்டுவதற்கு ஒரு வரிசைக் கொக்கிகள்.

தவ்ஹீத் நிமிர்ந்தான். நெற்றி கொக்கியில் இடித்தது. குனிந்து மேடையைப் பிடித்துக்கொண்டான். மேடை அவன் தொடைக்கு இருந்தது.

"யா அல்லாஹ். இந்த வெள்ளைக்காரி என்ன சித்திரக்குள்ளியா? இதுல நின்னு ஒரு வெங்காயம் நறுக்கினாப் போதும், ஒரு வாரம் நான் கூனன்."

பீவி சிரிக்கவில்லை. "ரேவதி, இங்க வந்து நில்லு."

அவள் போய் நின்றாள். நில் என்றார்கள், நின்றாள்.

"கைய மடக்கு."

மடக்கினாள். முழங்கை மேடைக்கு ஒரு விரல் மேலே நின்றது. ஒரு கிண்ணத்தை அங்கே வைத்துக் கிண்டினால் தோள் வலிக்காது என்று அவளுக்கே தோன்றியது. தட்டு தோளுக்கு நேராக இருந்தது. யாரும் சொல்லாமலே அவள் வலது கையை மேலே நீட்டினாள். கொக்கி அவள் விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. குதிகால் தரையிலேயே இருந்தது. பெட்டி மேல் ஏறாமல், எம்பாமல், அவள் ஜென்மத்தில் ஒரு கொக்கியைத் தொட்டதில்லை.

"பாலா பட்டறையில என்ன வேலை?" பீவியின் குரல் தாழ்ந்திருந்தது.

"பஸ் பாடி." ரேவதி கொக்கியை விடாமலே சொன்னாள். "ஜப்பான்லேர்ந்து வர்ற பஸ்ஸுக்குக் கதவு இடப்பக்கம் இருக்கும்ல. அதை அடைச்சுட்டு வலப்பக்கம் வெட்டுவார். அதான் அவருக்கு வேலை."

"அளவு எதால எடுப்பார்?"

"கயித்தால. டேப்புல நம்பர் படிக்கக் கண்ணாடி வேணும், கண்ணாடி போட்டா கெழவன் ஆயிடுவேன்னு போட மாட்டார். கயித்துல முடிச்சுப் போட்டு..."

அவள் நிறுத்தினாள். திரும்பித் தவ்ஹீதின் சட்டைப் பையைப் பார்த்தாள். பீவியும் பார்த்தார். தவ்ஹீத் இரண்டு பேரையும் பார்த்தான். இந்த ஒரு தடவை வாயைத் திறக்கவில்லை. கயிற்றை எடுத்து, நுனியைச் செருப்புக்காலால் தரையில் மிதித்துக்கொண்டு, மேலே இழுத்துப் பிடித்தான்.

முதல் முடிச்சு மேடை விளிம்பில் நின்றது. இரண்டாவது தட்டில் நின்றது. மூன்றாவதைக் கொக்கியிலேயே மாட்டலாம்.

"கோ கணேஷ்," பீவி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "பாலா இதை உங்ககிட்ட எப்ப வாங்கினார்?"

"என்ன வாங்கினார்? எனக்காக வேலை பாத்துக் குடுத்தார்."

"உங்களுக்காகவா? கொஞ்சம் முன்னாடி யார் கையும் படாத சாமான்னீங்க. உங்களுக்கு வேலை பாத்தவர் இவ முழங்கைக்கு எதுக்கு மேடை கட்டறார்? பசுந்தாங் பக்கத்துல அலுமினியத் தகடு விக்கற கடை நாலுதான். நாலுலயும் பில்லுல பேர் எழுதுவாங்க. தவ்ஹீத் போயி கேட்டுட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருப்பேன். எனக்கு வேற ஜோலி இல்ல."

கணேஷ்குமார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். படியில் உட்கார்ந்தார். பணிவெல்லாம் போய் வெறும் களைப்புத்தான் மிச்சமிருந்தது.

"காகிதம் இருக்கு. எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டது. போன வருஷம் வாங்கினார். இங்கயே நிறுத்தி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து வேலை பாப்பார். வீட்ல தெரியக்கூடாது, முடிச்சுத் தெருவுல கொண்டுபோய் நிறுத்தி, கயித்த இழுத்து மணி அடிச்சுக் கூப்பிடணும்னு சொல்லிட்டிருந்தார்." அவர் ரேவதியைப் பார்க்காமல் பேசினார். "நான் சாவு வீட்ல வந்து கேட்டேன்ல. ஏதாவது சொன்னாரான்னு. நீங்க இல்லன்னீங்க. திரும்பி வர்றப்ப பாலத்துலதான் இதை உங்களுக்கே விக்கலாங்கற புத்தி வந்துச்சு."

"நல்ல இடமா பாத்துத்தான் வந்திருக்கு," என்றான் தவ்ஹீத். "அப்படியே ஆத்துல குதிச்சிருக்கலாம்."

"போய்க் காகிதத்தக் கொண்டு வாங்க," என்றார் பீவி.

அவர் போனார். ரேவதி மேடைக்கு முன்னாலேயே நின்றாள். கயிற்றின் முதல் முடிச்சை விரலால் உருட்டினாள்.

"போன வருஷம் ஒரு நாள் சமைச்சிட்டிருந்தேன்க்கா. பின்னாடி வந்து தரையிலேர்ந்து முழங்கைக்குக் கயித்தப் பிடிச்சார். அப்பறம் தோளுக்கு. அப்பறம் கையத் தூக்குன்னார். எனக்கு அடுப்புல வேலை, எரிச்சல். என்ன, பாடைக்கு அளவெடுக்கறீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். பீரோவுக்குன்னார். பீரோ வரவே இல்ல. பால்கனிக் கயிறு பத்தலன்னு இதைக் கீழ முடிஞ்சு விட்டார். நாலு மாசத்துல போயிட்டார்." மூச்சு வாங்கினாள். "என் வாயாலதான் போனார்னு நெனச்சிட்டிருந்தேன். பாடைங்கற வார்த்தை என் வாயிலேர்ந்துதானே வந்துச்சு."

பீவி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

ரேவதி முழங்கை இரண்டையும் மேடையில் ஊன்றினாள். ஜன்னல் திறந்ததிலிருந்து உச்சி வெயில் காய்ந்த அலுமினியம். வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"சுடுது," என்றாள்.

முழங்கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. புறங்கையில் காலையிலிருந்தே இருந்த கொப்புளமும் அப்போதுதான் எரியத் தொடங்கியது. "சுடுதுக்கா," என்று இன்னொரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அந்தச் சின்ன வண்டி முழுக்க அழுகைதான். எட்டு மாத அழுகை, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, கொக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பீவி அவள் முதுகில் கை வைத்தபடி நின்றார்.

அவள் பையில் போன் அடித்தது. நிற்பதாக இல்லை. தவ்ஹீத் அதை எடுத்துக்கொண்டு, கொக்கிக்குத் தலையைக் குனிந்து, வலப்பக்கக் கதவு வழியாக இறங்கினான்.

"ஹலோ. ஆமா, ரேவதி அக்கா போன்தான். நாலு மணிக்கு நீங்க வர வேணாம். வீடு விக்கல." வீட்டை வாங்க இருந்தவர், அப்ப கேரவன் என்ன ஆச்சு என்று கத்தினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்லைங்க, கேரவனும் வாங்கல," என்றான். "வீட்டுக்காரர் போன வருஷமே வாங்கிட்டாராம்."